கன்னி மூலைப் பள்ளம்

என் தங்கச்சி புது வீட்டில் பால் காய்ச்சிய அன்று எல்லாரும் குசினியின் அகலத்தை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பின்கதவைத் திறந்துகொண்டு தோட்டத்துக்குப் போனேன். குசினியைப் பார்த்து வயிறெரிய எனக்கு விருப்பமில்லை. நடுவில் கல் பதித்த சமையல் மேடை, அதற்கு மேலே தொங்குகிற மூன்று விளக்குகள், கையைக் காட்டினால் தண்ணீர் வருகிற குழாய், இவை எல்லாவற்றையும் அவள் போன வாரமே வீடியோ அழைப்பில் காட்டி முடித்திருந்தாள். தோட்டத்திலாவது மூச்சு விடலாம் என்று நினைத்தேன்.

லண்டன் ஹரோவில் இருக்கிற எங்கள் வீட்டுத் தோட்டம் இருபது காலடி வைத்தால் முடிந்துவிடும். வேலிக்கு அந்தப் பக்கம் மெட்ரோபொலிட்டன் லைன் ரயில் ஓடும். தங்கச்சியின் வீடு லண்டன் முடிகிற விளிம்பில் இருக்கிறது. பஸ்ஸின் கடைசித் தரிப்பிடத்தில் இறங்கிப் பத்து நிமிடம் நடக்க வேண்டும். தோட்டம் போய்க்கொண்டே இருந்தது. புல்லைத் தாண்டி, இரண்டு பெரிய ஓக் மரங்களைத் தாண்டிப் போனதும் நிலம் சட்டென்று கீழே இறங்கியது. நான் அப்படியே நின்றுவிட்டேன்.

அது ஒரு பள்ளம். இரண்டு கார்கள் பக்கம் பக்கமாக நிற்கக்கூடிய அகலம். அடியில் கறுத்த சேறு, அதன் மேல் ஒரு சாண் தண்ணீர், அதில் ஊறிக் கிடந்த இலைகள். கரை நேராகப் போய், ஒரு மூலையில் மட்டம் வைத்துப் பிடித்ததுபோலத் திரும்பி, வேலிக்கு அடியால் பக்கத்து வயலுக்குள் போனது. தானாக உண்டான பள்ளம் அப்படித் திரும்பாது. யாரோ நூல் பிடித்து வெட்டியது அது. எனக்கு உடனே விளங்கிவிட்டது. என் தங்கச்சிக்கு ஒரு அகழி கிடைத்திருந்தது.

ஒரு பள்ளத்தைப் பார்த்துப் பொறாமைப்பட என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அதற்கு என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் ஒரு கவுன்சிலில், வீடு கட்டவும் பெருப்பிக்கவும் அனுமதி கேட்டு வருகிற விண்ணப்பங்களைச் சரிபார்க்கிறவள். தாள்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகு, அந்த வீடு ஏதாவது பாதுகாக்கப்பட்ட இடத்தில் இருக்கிறதா என்று கணினியில் வரைபடத்தைத் திறந்து பார்க்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பள்ளிக்கூட மைதானத்தின் ஓரத்தில் சிவப்புக் கோட்டால் ஒரு சதுரம் போட்டிருந்தது. பக்கத்து மேசைக்காரரிடம் இது என்ன என்று கேட்டேன். பழைய அகழி என்றார் அவர்.

ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்னால், கொஞ்சம் வசதியான விவசாயிகளும் சின்னப் பிரபுக்களும் தங்கள் வீட்டைச் சுற்றி நாலு பக்கமும் கிடங்கு வெட்டித் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். வீடு போய்விட்டது. கிடங்கு இருக்கிறது. கள்ளனுக்கும் படைக்கும் பயந்து வெட்டியவையும் உண்டு. ஆனால் நிறைய அகழிகள் அந்தஸ்துக்காக வெட்டப்பட்டவை என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். அடுத்த ஊர்ப் பெரிய மனிதர் வெட்டிவிட்டார், நானும் வெட்டுகிறேன். இதை வாசித்த அன்று எனக்கு அந்தச் சனங்களை மிகவும் பிடித்துப் போனது. எங்கள் ஆட்கள்தான் வேறு உடுப்புப் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

அதற்குப் பிறகு நான் லண்டனைச் சுற்றியிருக்கிற அகழிகளைத் தேடிப் பார்க்கத் தொடங்கினேன். சில பூங்காவுக்குள் இருக்கும், வாத்து நீந்தும். சில வெறும் புல் பள்ளம்தான், தெரியாதவர்கள் அதற்குள் இறங்கி ஏறிப் போவார்கள். நான் கரையைச் சுற்றி நடந்து, எத்தனை காலடி என்று எண்ணி, ஒரு கொப்பியில் படம் கீறி வைப்பேன். என் கணவர் பஸ் ஓட்டுகிறவர். "கோயிலுக்குப் போறன், கடைக்குப் போறன் எண்டு ஏறுற சனத்தைக் கண்டிருக்கிறன். பள்ளம் பாக்க பஸ்ஸில போற ஆளை இப்பதான் காணுறன்" என்று சிரிப்பார். சிரிக்கட்டும். எனக்கென்று இந்த ஊரில் இருந்த ஒரே பைத்தியம் அது, அவரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

அந்தப் பள்ளங்களுக்கு இருக்கிற காவலும் என்னைப் பிடித்து இழுத்தது. உள்ளே வீடு இல்லை, மதில் இல்லை, ஒரு கல்கூட மிச்சமில்லை. ஆனாலும் அரசாங்கத்தின் பட்டியலில் பெயர் ஏறிவிட்டால், எழுத்து மூலம் அனுமதி இல்லாமல் ஒருவரும் அதைக் கிண்டக் கூடாது, மூடக் கூடாது, ஒரு வண்டி மண் கொட்டினாலும் குற்றம். அடியில் இருக்கிற சேற்றில் பழைய மரத்துண்டும் தோலும் விதைகளும் அழுகாமல் கிடக்கும், அது குழம்பிவிட்டால் திரும்ப வராது என்பது காரணம். சண்டைக் காலத்தில் ஊரில் நாங்கள் இருந்த வீட்டை இடித்தவர்களிடம் ஒரு தாள் கேட்க எங்களுக்கு நாதியில்லை. இங்கே ஒரு வெறும் கிடங்குக்கு இத்தனை காவல். முதலில் எனக்கு வெள்ளைக்காரர் மீதுதான் பொறாமை வந்தது. பிறகு அது வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது.

தங்கச்சி லண்டனுக்குப் படிக்க வந்தபோது எங்கள் வீட்டின் சின்ன அறையில் மூன்று வருடம் இருந்தாள். படிவம் நிரப்பவும், எந்த ஸ்டேஷனில் ரயில் மாறுவது என்றும், டொக்டரிடம் எப்படிக் கதைப்பது என்றும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அவள் என்னிடம் கற்றுக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள். எனக்குப் பிறகு ஓட்டுநர் உரிமம் எடுத்தாள், என்னிலும் நன்றாக ஓட்டினாள். எனக்குப் பிறகு கல்யாணம் செய்தாள். மாப்பிள்ளை பார்மசிஸ்ட், சொந்தக் கடை வைத்திருக்கிறார், கோபம் வராத மனிதர். இதெல்லாம் எனக்குத் தாங்கக்கூடியதாகத்தான் இருந்தது. ஒரு அகழியைப் பார்க்க நான் இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும், அவள் பல் தீட்டிக்கொண்டே ஜன்னலால் பார்ப்பாள் என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

அவள் என்னைத் தேடிக்கொண்டு தோட்டத்துக்கு வந்தாள். பட்டுச்சேலை நனையாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "என்னக்கா இஞ்சை நிக்கிறியள்? உந்தப் பள்ளம் ஒண்டுதான் எங்களுக்குப் பிடிக்கேல்லை. வெயில் வந்தா ஒரே நுளம்புக் கடியாம்" என்றாள்.

எனக்கு எரிச்சல் மூள அந்த ஒரு பேச்சே போதுமாக இருந்தது. உனக்குக் கிடைத்திருப்பது என்னவென்று தெரியுமா என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் சந்தோசப்படுவாள், அடுத்த நாளே எல்லாருக்கும் சொல்லுவாள். அவளுக்கு இன்னுமொரு சந்தோசத்தைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நான் சூரியனைப் பார்த்தேன், வீட்டைப் பார்த்தேன், பிறகு சொன்னேன்:

"தென்மேற்கில எல்லோ பள்ளம் கிடக்கு. கன்னி மூலையில தாழ்வு இருக்கக்கூடாது எண்டு சொல்லுறவை."

எனக்கு வாஸ்துவில் ஒரு நம்பிக்கையும் கிடையாது. அவளுடைய முகத்தில் இருந்த சிரிப்பைக் கொஞ்சம் குறைக்க வேண்டும், அவ்வளவுதான். குறைந்தது. அவள் உள்ளே போய்க் கணவருக்குச் சொல்ல, அவர் போனில் திசை பார்க்க, வந்திருந்த சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு கதை எடுத்துவிட்டார்கள். கன்னி மூலையில் கக்கூசுக் குழி வெட்டிய ஒருவரின் வியாபாரம் படுத்த கதை, ஒருவர் விழுந்து இடுப்பு உடைந்த கதை. பாயசம் ஆறிப்போகும் வரை அதைத்தான் பேசினார்கள். நான் பாயசத்தை இரண்டாம் முறை வாங்கிக் குடித்தேன்.

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில், அலுவலகத்தில் பொதுமக்கள் பார்க்கிற வரைபடத்தைத் திறந்து அவளுடைய வீதியைத் தேடினேன். ஓக் மரங்களுக்குப் பின்னால் சிவப்புக் கோடு. அகழியின் ஒரு பக்கமும் ஒரு மூலையும் அவளுடைய வளவுக்குள், மிச்சம் வயலுக்குள். பாதுகாக்கப்பட்ட இடம். வீடு வாங்கிய தாள்களிலும் இது கட்டாயம் இருந்திருக்கும். ஆனால் தங்கச்சியின் கணவர், கையெழுத்து வைக்க வேண்டிய இடத்தில் ஒட்டியிருந்த மஞ்சள் துண்டுகளை மட்டும் பார்த்துக் கையெழுத்து வைத்தவர். நான் படத்தை அச்செடுத்து மேசை லாச்சிக்குள் வைத்தேன். ஒருவருக்கும் சொல்லவில்லை.

மூன்று மாதத்தில் அந்த வீட்டில் எல்லா வீட்டிலும் நடக்கிறவை நடந்தன. பொயிலர் பழுதானது. மூத்த மகள் கார் ஓட்டும் சோதனையில் இரண்டு முறை தவறினாள். தங்கச்சியின் கணவர் கடைப் படியில் வழுக்கித் தோள்மூட்டை விலக்கிக்கொண்டார். மூன்றையும் பள்ளத்தின் கணக்கில் எழுதினார்கள். தோர்ண்டன் ஹீத்தில் இருக்கிற ஒரு சாத்திரியாரிடம் போனார்கள். அவர் தை பிறக்க முன்னம் நிரப்பிவிடச் சொன்னார். தங்கச்சி எனக்குப் போன் எடுத்தாள்.

"அக்கா, இவர் மண் கொண்டுவாற ஆளோடை கதைச்சிட்டார். எனக்குத்தான் ஒரு யோசனை. உதுக்குப் பெர்மிஷன் எடுக்கவேணுமோ? உங்களைக் கேட்டிட்டுச் செய்வம் எண்டு சொன்னனான்."

நான் வேலையில் இருந்தேன். அந்தப் படம் என் முழங்காலுக்குப் பக்கத்தில் லாச்சிக்குள் கிடந்தது.

"உன்ர வளவுக்குள்ள கிடக்கிற பள்ளத்தை நிரப்ப நீ ஆரைக் கேக்கப்போறாய்?" என்றேன்.

"வடிவாத் தெரியுமோ அக்கா? பிறகு பிரச்சினை வராதே?"

"இத்தினை வருசமா இதுதானே என்ர வேலை."

போனை வைத்தேன். பிறகு செய்ததையும் சொல்லத்தான் வேண்டும். கொப்பி கொப்பியாகப் படம் கீறி வைத்தவள், ஒரு வாத்து முட்டையிட்ட அகழியைப் பார்க்க மழையில் போனவள், ஒரு அகழியை மூடச் சொல்லிவிட்டு ஒரு தேத்தண்ணி ஊற்றிக் குடித்தேன். எனக்கு இல்லாதது அவளுக்கும் வேண்டாம். உள்ளுக்குள் இருந்தது அது ஒன்றுதான்.

பொங்கலுக்குப் போனபோது ஓக் மரங்களுக்குப் பின்னால் நிலம் சமனாக இருந்தது. லொறிச் சக்கரம் போன தடம், அதன் மேல் புல்விதை, காகம் பொறுக்காமல் கட்டிய நூல். சிவந்த, வேறெங்கோ ஒரு கட்டடத்துக்குத் தோண்டிய மண், உடைந்த செங்கல் துண்டுகளோடு. நேராகப் போய்த் திரும்பிய அந்தக் கரையைத் தேடினேன். ஒரு அடையாளமும் இல்லை. தங்கச்சியின் கணவர் பக்கத்தில் வந்து, "இப்ப எப்பிடி மச்சாள்? வடிவா இருக்கெல்லோ?" என்றார். ஓம் என்றேன். வீட்டுக்கு வந்து கொப்பிகளை எடுத்து அலுமாரிக்கு மேலே, கைக்கு எட்டாத இடத்தில் போட்டேன்.

பெப்ரவரியில் மாட்டிக்கொண்டார்கள். வேலிக்கு அந்தப் பக்கத்து நடைபாதையால் தினமும் நாயோடு போகிற ஒரு முதிய வெள்ளைக்காரப் பெண்மணி, சின்ன வயதிலிருந்து அந்தத் தண்ணீரைப் பார்த்து வளர்ந்தவராம். அவர் எழுதிப்போட்டார். பழைய இடங்களைப் பாதுகாக்கிற அரச பகுதியிலிருந்து ஒரு அதிகாரி, சேற்றுச் சப்பாத்தோடு வந்து, மரியாதையாகக் கதைத்து, படம் எடுத்துக்கொண்டு போனார். இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. நடந்தது குற்றம், வழக்குப் போடலாமா என்று யோசிக்கிறோம், கீழே உள்ள கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். வழக்கில் தண்டனை வந்தால் தங்கச்சியின் கணவர் அதைப் பார்மசிஸ்டுகளைப் பதிந்து வைத்திருக்கிற இடத்தில் சொல்ல வேண்டும். பதிவு போனால் கடை போகும். அவருக்கு நித்திரை இல்லை என்று தங்கச்சி போனில் அழுதாள். பிறகு, "உங்களுக்குத்தான் அக்கா உப்பிடிக் கடிதம் எழுதத் தெரியும். ஒருக்கா வாறீங்களோ?" என்று கேட்டாள்.

போனேன். சனிக்கிழமை, அவளுடைய கணவர் பிள்ளைகளைத் தமிழ் வகுப்புக்கு ஏற்றிக்கொண்டு ஹரோவுக்குப் போயிருந்தார். அந்த அகலமான குசினியில் நானும் அவளும் மட்டும். அவளுடைய லப்டொப்பை எனக்கு முன்னால் வைத்தாள். முதல் இரண்டு கேள்விகளும் லேசானவை. இடம் யாருடையது, மண் எப்போது கொட்டப்பட்டது. மூன்றாவது கேள்வி: வேலையைத் தொடங்க முன்னர் யாரிடமாவது ஆலோசனை கேட்டீர்களா? கேட்டிருந்தால் அவர் யார், என்ன சொன்னார்?

நான் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்தேன்.

"ஒருத்தரையும் கேக்கேல்லை எண்டு எழுதுங்கோ" என்றாள் தங்கச்சி.

"என்னைக் கேட்டனீதானே."

"அதை எழுதினா உங்கட வேலை எல்லோ போயிடும். நீங்கள் தெரியாமச் சொன்னதுக்கு உங்களை ஏன் இழுப்பான்? இவரும் அதைத்தான் சொன்னவர். என்ன வந்தாலும் மச்சாளின்ர பேர் வரக்கூடாதாம்."

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு தட்டியிருக்கலாம். நானும் தப்பியிருப்பேன், அவளுக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. பிறகு நான் செய்ததை மனச்சாட்சி என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவள் நல்லவளாக இருப்பதைத்தான் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கடை போகப்போகிறது, கணவர் நித்திரையில்லாமல் இருக்கிறார், அதற்குள்ளும் என்னைக் காப்பாற்ற இடம் வைத்திருக்கிறாள். இதிலும் என்னை முந்துகிறாளே என்ற எரிச்சலில்தான் வாய் திறந்தது.

"நான் தெரியாமச் சொல்லேல்லை. தெரிஞ்சுதான் சொன்னனான்."

அவள் தேத்தண்ணிக் கோப்பையை மேடையில் வைத்தாள். "என்ன சொல்லுறியள்?"

"பால் காய்ச்சின அண்டைக்கே எனக்குத் தெரியும் அது என்ன எண்டு. மூடினாக் குற்றம் எண்டும் தெரியும்."

"அப்ப ஏனக்கா?"

"எரிச்சல்."

"என்னிலயோ?"

"ஓம். உனக்கு அது கிடைச்சதில."

அவள் திரும்பி ஜன்னலால் பார்த்தாள். ஓக் மரங்களுக்குப் பின்னால் சிவந்த மண் அரையும் குறையுமாகப் புல் முளைத்துக் கிடந்தது.

"உந்தப் பள்ளத்துக்கோ?" என்றாள். "ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, விரும்பின நேரம் வந்து இருங்கோ எண்டு பின் கேற்றைத் திறக்கிற திறப்பையே தந்திருப்பனே."

அவள் ஏசுவாள் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் எனக்கும் சொல்ல ஏதாவது கிடைத்திருக்கும். உங்கள் பெயரை எழுதுங்கள் என்று சொல்லியிருந்தால் எழுதியிருப்பேன் என்றுதான் இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். அவள் இரண்டையும் செய்யவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, என் தோளுக்கு மேலால் திரையைப் பார்த்தாள்.

"ஒருத்தரையும் கேக்கேல்லை. எழுதுங்கோ. இவருக்கு இதைச் சொல்லாதேங்கோ, அவர் தாங்கமாட்டார்."

எழுதினேன். அவள் அச்செடுத்துக் கையெழுத்து வைத்து உறைக்குள் போட்டு ஒட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பி, முதல் முறை வீட்டுக்கு வந்த ஆளிடம் கேட்கிறமாதிரி, "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போறீங்களோ?" என்று கேட்டாள். நான் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றேன்.

வழக்குப் போடவில்லை. கடுமையாக எச்சரித்து, கொட்டிய மண் முழுவதையும் தங்கள் கண் முன்னால் எடுக்க வேண்டும் என்று எழுதினார்கள். கோடையில் ஒரு தொல்லியல் ஆள் கரையில் நின்று, கொட்டிய மண் எது, பழைய சேறு எது என்று பார்த்துச் சொல்லச் சொல்ல, ஒரு சின்ன இயந்திரத்தால் நாள் கணக்கில் சுரண்டினார்களாம். எனக்கு இதெல்லாம் தங்கச்சியின் கணவர் சொல்லித்தான் தெரியும். அவருக்கு இப்போது அகழிப் பைத்தியம் பிடித்துவிட்டது. வாஸ்துவை விட்டுவிட்டார். தண்ணீர் இவ்வளவு ஏறியிருக்கிறது, ஒரு தோல் செருப்புத் துண்டு கிடைத்தது, நாயோடு வருகிற அந்த அம்மா தேத்தண்ணிக்கு வந்தார் என்று வாட்ஸ்அப்பில் படம் போட்டுக்கொண்டே இருக்கிறார். நான் ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கி, அந்தக் கரை மட்டமாகத் திரும்புகிற மூலையைப் பார்க்கிறேன்.

ஈஸ்ட் ஹாமில் ஒரு கல்யாண வீட்டில் போன மாதம் கண்டபோதும், "என்ன மச்சாள், அகழி எண்டா உங்களுக்குப் பைத்தியம் எண்டு உங்கட அவர் சொன்னவர், எங்கட வீட்டில ஒண்டு கிடக்கு, நீங்கள் இன்னும் வந்து பாக்கேல்லை. எப்ப வாறியள்?" என்று கேட்டார். தங்கச்சி அவருக்குப் பக்கத்தில்தான் நின்றாள். நான் அவளுடைய முகத்தைப் பார்த்தேன். அவள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, பந்தி போடத் தொடங்கிவிட்டார்கள், போவோம் என்று அவரைக் கூட்டிக்கொண்டு போனாள்.

அவர் எப்போதும் கூப்பிடுகிறார். அவள் இன்னும் கூப்பிடவில்லை.